ஒன்பது மணிக்கு என்ன போடுகிறார்கள்?

பிபிசி ஃபோர் சேனலின் ஒரு வார நிகழ்ச்சி நிரலை இப்போது எடுத்துப் பார்த்தால், அதில் புதிதாக எடுத்த நிகழ்ச்சி எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எழுபதுகளில் வந்த நாடகம், எண்பதுகளின் நகைச்சுவைத் தொடர், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எடுத்த வரலாற்று ஆவணப்படம், வெள்ளிக்கிழமை ராத்திரியானால் பழைய பாப் பாட்டு. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மட்டும் பெரும்பாலும் ஏதாவது ஒரு வெளிநாட்டுத் தொடர் புதிதாக ஓடும். நான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் என்னை டிவி முன்னால் உட்கார வைத்த சேனல் இது. இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வந்தது. அதனால் இதன் நிரல் மாறிய கதையை யாருடைய கதையோ போல என்னால் சொல்ல முடியாது.

ஊரில் இருப்பவர்களுக்கு பிபிசி என்றால் செய்தி, கூடிப்போனால் மிருகங்களைப் பற்றிய படங்கள். இங்கே அது வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கட்டணம் வாங்கி நடக்கும் பொதுச் சேவை. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் வருடத்துக்கு 174.50 பவுண்டாக ஆனது. பிரிட்டனுக்குள் அதன் சேனல்களில் விளம்பரம் கிடையாது. அப்படியென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு எதைப் போடுவது என்பதை சோப்புக் கம்பெனி தீர்மானிப்பதில்லை. உள்ளே ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் யாரோ சிலர், மக்களுக்கு இது வேண்டும், இந்த நேரத்தில் வேண்டும் என்று நினைத்து முடிவு செய்கிறார்கள். ஒன்பது மணி இங்கே சாதாரண நேரமும் இல்லை. சிறுவர்களுக்கு ஏற்காத விஷயங்களை அதற்குப் பிறகுதான் காட்டலாம் என்பது விதி. பெரியவர்களுக்கான கனமான நிகழ்ச்சி எல்லாமே அந்த நேரத்துக்குத்தான் போட்டி போடும்.

பிபிசி ஃபோர் தொடங்கியது 2002 மார்ச் 2. அதற்கு முன் பிபிசி நாலெட்ஜ் என்று ஒன்று இருந்தது, அதன் இடத்தில்தான் இது வந்தது. எல்லாருக்கும் யோசிக்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அப்போது அவர்கள் வைத்த முழக்கம். கலை, வரலாறு, அறிவியல், உலக சினிமா, கச்சேரி எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இருந்தது. ஆனால் இடம் என்பது மாலை ஏழு மணிக்கு மேல்தான். பகல் முழுக்க அதே அலைவரிசையில் சின்னக் குழந்தைகளுக்கான சிபீபீஸ் ஓடும். ஏழு மணிக்குக் குழந்தைகள் தூங்கப் போனதும் அதே இடத்தில் பிபிசி ஃபோர் விழித்துக்கொள்ளும். இன்றைக்கும் அப்படித்தான். இந்த ஏற்பாடு எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கும். பிள்ளைகள் அடங்கிய பிறகு வீட்டில் பெரியவர்கள் நிதானமாகப் பேசிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டல்லவா, அந்த நேரத்துக்கென்று ஒரு சேனல்.

பத்து மணி நேரம்கூட இல்லாத ஓர் இரவுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்பதால் யோசித்துத்தான் போடுவார்கள். அதில் அவர்கள் எடுத்த மிகச் சிறந்த முடிவு சனிக்கிழமை ஒன்பது மணியை வெளிநாட்டுத் தொடருக்குக் கொடுத்தது என்று நினைக்கிறேன். பிரிட்டனில் சனிக்கிழமை ராத்திரி என்றால் பெரிய சேனல்களில் ஆட்டம், பாட்டு, போட்டி. அதற்கு நேர் எதிரே 2011 ஜனவரியில் டேனிஷ் மொழியில், எழுத்தில் ஓடும் மொழிபெயர்ப்போடு, இருபது பகுதியும் ஒரே கொலையைத் துருவும் 'தி கில்லிங்' தொடரை வாரம் இரண்டு பகுதியாக ஓட விட்டார்கள். டென்மார்க்கில் அது 2007-லேயே வந்து போன சரக்கு. இருந்தாலும் பத்து வாரம் சனிக்கிழமை ராத்திரிகளில் பலர் வெளியே போகாமல் உட்கார்ந்தார்கள். அதன் நாயகி சோஃபி கிராபோல் போட்டிருந்த அந்தப் பின்னல் ஸ்வெட்டரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. நான் வேலை பார்த்த இடத்தில் திங்கட்கிழமை காலை டீ போடும் இடத்தில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. கொலைகாரன் யார் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது, எங்கள் பிரிவின் மூத்த பெண்மணி ஒருவருக்கு வேறு கணக்கு. அதுவரை வானிலையைத் தவிர என்னிடம் எதுவும் பேசாதவர் அவர். ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் பார்த்திருந்தோம் என்பதே பேச ஒரு காரணமாகப் போதுமாயிருந்தது.

அதற்கு முன்பே பிரெஞ்சு போலீஸ் தொடர் 'ஸ்பைரல்' இங்கே வந்துவிட்டது. பின்னால் டென்மார்க் அரசியலைப் பற்றிய 'போர்கன்', டென்மார்க்கும் ஸ்வீடனும் சந்திக்கும் பாலத்தின் நடுவில் பிணம் கிடக்கும் 'தி பிரிட்ஜ்', சிசிலியிலிருந்து 'இன்ஸ்பெக்டர் மான்டல்பானோ' என்று வரிசையாக வந்தன. சனிக்கிழமை ஒன்பது மணி என்றால் இப்படி ஒன்று இருக்கும் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. தொடரின் பெயர் தெரியாமலே, நடிகர் யார் என்று தெரியாமலே, அந்த நேரத்தை நம்பி உட்கார்ந்தார்கள். அந்த நம்பிக்கையை விளம்பரம் செய்து சம்பாதிக்க முடியாது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஏமாற்றாமல் இருந்தால்தான் வரும். 2018-ல் 'தி பிரிட்ஜ்' கடைசிப் பருவத்தை எடுத்து பிபிசி டூவில் வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார்கள். பெரிய சேனல், அதிகப் பேர் பார்ப்பார்கள் என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் அந்த சனிக்கிழமை ரசிகர்களில் ஒருவனாக எனக்கு அது சொந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

இப்படி இங்கே வளர்ந்து அங்கே போனவை வேறு பல உண்டு. அரசியல் நையாண்டித் தொடர் 'தி திக் ஆஃப் இட்' 2005-ல் பிபிசி ஃபோரில் சின்னதாகத் தொடங்கி பிபிசி டூவுக்குப் போனது. 'ஒன்லி கனெக்ட்' என்ற வினாடி வினா 2008-ல் இங்கே பிறந்து 2014-ல் அங்கே போய், இன்றும் திங்கட்கிழமைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. லண்டன் ஒலிம்பிக்ஸைக் கிண்டல் செய்த 'ட்வென்டி ட்வெல்வ்' கதையும் அதேதான். மெட்டல் டிடெக்டரோடு வயல்காட்டில் அலையும் இரண்டு பேரைப் பற்றிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்' 2014-ல் வந்தபோது அதற்கு இவ்வளவு பேர் உயிரை விடுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சின்னச் சேனலில் பணம் குறைவு, பார்ப்பவர்களும் குறைவு. அதனாலேயே தோற்றால் பெரிய நஷ்டமில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதெல்லாம் எடுக்கப்பட்டது. நேரடியாக பிபிசி ஒன்னில் ஒன்பது மணிக்கு, புதைந்த காசு தேடும் இருவரைப் பற்றிய தொடரை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

'தி ஸ்கை அட் நைட்' கதை இதற்கு நேர் தலைகீழ். 1957 ஏப்ரலில் தொடங்கிய மாதாந்திர வானியல் நிகழ்ச்சி அது. பாட்ரிக் மூர் 2012 டிசம்பரில் சாகும் வரை அவரே நடத்தினார், இடையில் ஒரே ஒரு தடவைதான் உடம்பு சரியில்லாமல் வரவில்லை. பிபிசி ஒன்னில் ஞாயிறு நள்ளிரவு வாக்கில், மறுநாள் வேலைக்குப் போகிறவன் யாரும் விழித்திருக்காத நேரத்தில், அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். 2013-ல் நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். முடிவில் 2014 பிப்ரவரியிலிருந்து அது பிபிசி ஃபோருக்கு வந்தது. பெரிய சேனல் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒன்றுக்கு இங்கே மனிதர்கள் விழித்திருக்கும் நேரம் கிடைத்தது. ஒரு சேனலை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அந்த மெதுவான நிகழ்ச்சிகள். 2015 மே மாதம் கென்னட் ஆண்ட் ஏவன் கால்வாயில் ஒரு படகு போவதை இரண்டு மணி நேரம் காட்டினார்கள். வர்ணனை இல்லை, இசை இல்லை, படகின் முன்னால் வைத்த காமிரா பார்த்ததுதான் காட்சி. பறவைச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், எப்போதாவது கரையில் நாயோடு நடந்து போகிற ஒருவர் கையசைப்பார். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு, நார்வேயின் வடகோடியில் பனியில் போகும் கலைமான் வண்டியை அதே மாதிரி காட்டினார்கள். அடுத்த ஆண்டு யார்க்‌ஷயர் டேல்ஸ் மலைப்பாதையில் ஒரு பஸ். நான் அந்தக் கால்வாய்ப் பயணத்தை முழுக்கப் பார்த்தேன். இதை பிபிசி நிகழ்ச்சிகளை வேண்டிய நேரத்தில் பார்க்கும் இணையச் சேவையான ஐபிளேயரில் நானாகத் தேடி ஒருபோதும் போட்டிருக்க மாட்டேன். இரண்டு மணி நேரம் படகு போகும், பார்க்கிறாயா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தேன், எழ மனசு வரவில்லை.

நான் சொல்ல வருவதே இதுதான். ஐபிளேயர் பஃபே சாப்பாடு போல, தட்டை எடுத்துக்கொண்டு நமக்குத் தெரிந்ததையே போட்டுக்கொண்டு வருவோம். நல்ல சேனல் பந்தி. நாம் கேட்காததும் இலையில் வந்து விழும், பரிமாறுகிறவருக்கு நம்மைவிட ருசி தெரிந்திருந்தால் அதில் பாதி நமக்குப் பிடித்தும் போகும். எல்லாம்தான் ஐபிளேயரில் இருக்கிறதே, சேனல் எதற்கு என்று கேட்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, நிரல் ஏன் மாறியது? பணம்தான். 2010-ல் அரசாங்கம் லைசென்ஸ் கட்டணத்தை 145.50 பவுண்டிலேயே நிறுத்தி வைத்தது. 2017 வரை அது ஏறவில்லை. அதுவரை அரசாங்கமே பணம் கொடுத்து வந்த உலகச் சேவையின் செலவும் பிபிசி தலையில் ஏறியது. 2011-ல் பெரிய வெட்டு அறிவித்தார்கள். பிபிசி ஃபோரில் முதலில் போனது சொந்த நாடகங்கள். நடிகர்கள், எழுத்தாளர்களின் வாழ்க்கையை ஒன்றரை மணி நேரத்தில் சொல்லும் சின்னப் பட்ஜெட் படங்கள் அங்கே தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 2013-ல் ரிச்சர்ட் பர்ட்டன், எலிசபெத் டெய்லர் பற்றிய படம்தான் அதில் கடைசி. பிறகு ஆவணப்படங்கள் குறையத் தொடங்கின. ஒரு நாளில் நிறுத்தியிருந்தால் சத்தம் எழுந்திருக்கும். வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்குச் சில என்று இளைத்துக்கொண்டே போனதால் யாருக்கும் எப்போது கத்துவது என்று தெரியவில்லை.

இன்னொரு பக்கம் இளைஞர்கள். பதினாறு முதல் முப்பத்துநான்கு வயதுக்காரர்கள் பிபிசியைப் பார்ப்பதில்லை என்ற கவலை அங்கே எப்போதும் உண்டு. அவர்களுக்கான பிபிசி த்ரீயை 2016 பிப்ரவரியில் ஒளிபரப்பிலிருந்து எடுத்து இணையத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அது ஏழிலிருந்து ஒன்பது வரை வைத்திருந்த நேரம் பெரிய பிள்ளைகளுக்கான சிபிபிசிக்குப் போனது. 2022 பிப்ரவரி 1-ல் பிபிசி த்ரீயைத் திரும்ப ஒளிபரப்புக்குக் கொண்டுவந்தார்கள், சிபிபிசி மறுபடி ஏழு மணிக்குக் கடையைச் சாத்தியது. இணையத்துக்கு மாற்றினால் ஆட்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பது உண்மையில்லை என்று பிபிசியே தன் செலவில் கற்ற பாடம் இது. அப்படியிருக்க, அந்த முடிவை அறிவித்த அதே 2021 மார்ச்சில்தான் பிபிசி ஃபோர் இனி பழைய நிகழ்ச்சிகளின் காப்பகத்துக்கான வீடு என்றும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அப்போதைய தலைமை இயக்குநர் டிம் டேவி, பிபிசி ஃபோரும் சிபிபிசியும் சில வருடங்களில் ஒளிபரப்புச் சேனலாக இருக்காது, இணையத்தில் மட்டும் என்றார். கட்டணம் அப்போது 159 பவுண்டில் இரண்டு வருடத்துக்கு உறைய வைக்கப்பட்டிருந்தது. பணக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் வயதானவர்கள், இணைய வசதி சரியாக இல்லாத கிராமத்துக்காரர்கள், ரிமோட்டில் 9-ஐ அழுத்தத் தெரிந்தவர்கள், இவர்கள்தானே இதன் பெரும்பாலான பார்வையாளர்கள்? ஸ்காட்லாந்தில் அந்த 9-உம் இல்லை. 2019-ல் பிபிசி ஸ்காட்லாந்து வந்தபோது அந்த எண்ணை அதற்குக் கொடுத்து இதை 82-க்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்காட்லாந்துக்குச் சொந்தச் சேனல் வேண்டியதுதான். அதற்காகப் பழைய பார்வையாளர்கள் தேடித் திரிய வேண்டியதில்லை.

காப்பகத்துக்கு வருகிறேன். பழைய நிகழ்ச்சி போடுவதை நான் மட்டமாக நினைக்கவில்லை. பொதுப் பணத்தில் எடுத்தது, ஜனங்களுக்குத் திரும்பக் காட்டுவதுதான் முறை. அதிலும் எஞ்சியிருப்பதே கொஞ்சம்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வீடியோ டேப் விலை அதிகம், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்காகப் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் புதியதைப் பதிந்தார்கள். 1969-ல் மனிதன் சந்திரனில் இறங்கிய இரவு பிபிசி ஸ்டூடியோவிலிருந்து நடத்திய ஒளிபரப்பின் பெரும்பகுதி இன்று இல்லை. 1964 புத்தாண்டு நாளில் தொடங்கிய 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' பாட்டு நிகழ்ச்சியின் முதல் பத்து வருடத்தில் அநேகம் போய்விட்டது. 2011-ல் பிபிசி ஃபோர் அதைத் திரும்பப் போடத் தொடங்கியபோது 1976-லிருந்து ஆரம்பித்தார்கள். 35 வருடம் கழித்து அதே வாரத்தின் நிகழ்ச்சி, வாரா வாரம். அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள் தங்கள் வாழ்க்கையை வாரவாரியாகத் திரும்பப் பார்த்தார்கள். 2012-ல் அதன் தொகுப்பாளர்களில் ஒருவரான ஜிம்மி சாவில் செய்த குற்றங்கள் வெளியே வந்ததும் அவர் நடத்திய பகுதிகளை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்தார்கள், அது சரியான முடிவு.

கையில் அக்கறை இருந்தால் பழையதும் புதிதாகும் என்பதற்கு இன்னொன்று: சமீப வருடங்களில் ஒரு பழைய நாடகத்தைப் போடுவதற்கு முன் அதில் நடித்தவரோ இயக்கியவரோ உட்கார்ந்து கால் மணி நேரம் நினைவுகளைச் சொல்கிறார். செலவு அதிகமில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நாடகத்தைப் பார்த்தால், ஏன் இந்த சுவர் ஆடுகிறது, ஏன் எல்லாரும் மேடையில் பேசுவது போலப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் விளங்கி, நடிப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியும். எண்பது வயதைத் தாண்டிய ஒரு நடிகர் தன் முப்பது வயது முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசும்போது மனசு இளகிவிடும். இதைச் செய்கிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே சேனலில் வேறு நாட்களில் அதே இயற்கை ஆவணப்படம், அதே ரயில் படம், எந்த முன்னுரையும் இல்லாமல், எந்த வருடத்துப் படம் என்றுகூடச் சொல்லாமல் ஓடுகிறது. அதுதான் வலிக்கிறது.

ரயில் படம் என்றதும் சொல்ல வேண்டும். 2010-ல் இவர்கள் இந்திய மலை ரயில்களைப் பற்றி மூன்று படங்கள் போட்டார்கள். டார்ஜிலிங், கால்கா சிம்லா, அப்புறம் நம்ம நீலகிரி. நான் மேட்டுப்பாளையத்துப் பக்கம். அந்த ரயிலை உல்லாசப் பயணிகளின் பொம்மையாகத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். இவர்கள் அதில் வேலை செய்கிறவர்களின் வீட்டுக்குள் போனார்கள், அவர்களின் கவலை, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் கேட்டார்கள். நீராவி இன்ஜின் பல்சக்கரத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு குன்னூருக்கு ஏறும் சத்தத்தை இங்கிலாந்தின் ஒரு குளிர்காலத்தில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இப்படி ஒரு படத்தை எடுக்க ஒருவர் மாதக்கணக்கில் அங்கே தங்கிப் பழகியிருக்க வேண்டும். அதற்குப் பணம் கொடுக்க ஒரு சேனல் இருந்தது. அந்தப் படம் இப்போதும் அவ்வப்போது மறு ஒளிபரப்பாகிறது, நான் விடாமல் பார்க்கிறேன். ஆனால் இன்றைய நீலகிரி ரயில் ஊழியரைப் பற்றி யார் எடுப்பார்கள்? இன்று எதையும் எடுக்காத சேனலுக்கு இன்னும் இருபது வருடம் கழித்துக் காட்ட எந்தக் காப்பகம் இருக்கும்?

பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பரோடு முடிகிறது. புதிய சாசனத்தில் கட்டணம் எப்படி, எவ்வளவு என்ற சண்டை பெரிய சண்டை, அதில் பிபிசி ஃபோர் ஒரு மூலையில்கூட வராமல் போகலாம். அதனால் என் கோரிக்கையைச் சின்னதாகவே வைக்கிறேன். இணையத்துக்கு அனுப்பாமல் ஏழு மணிக்கு மேல் அந்த இடத்தை விட்டுவையுங்கள். சனிக்கிழமை ஒன்பது மணியைத் தொடாதீர்கள். வாரத்தில் இன்னொரு நாள், செவ்வாயோ புதனோ, அதே ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரம் மட்டும், இந்த வருடம் எடுத்த, வேறு எந்தச் சேனலும் எடுக்காத ஓர் ஆவணப்படத்தைப் போடுங்கள். எல்லா வாரமும் அதே நாள், அதே நேரம். பழைய படம் எதைப் போட்டாலும் எடுத்த வருடத்தை நிரலிலேயே அச்சிடுங்கள், முடிந்தால் அதை எடுத்தவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். சாசனத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பு வரும்போதெல்லாம் இதையே எழுதி அனுப்பப் போகிறேன். இங்கே லைசென்ஸ் கட்டும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன, நம்மில் பலர் அது செய்திச் சேனல்தானே என்று விட்டுவிடுகிறோம். நீங்களும் உங்களுக்கு வேண்டியதை எழுதுங்கள்.